பேரிடர்க் குழுவில் தொழிற்சங்கத்துக்கும் ஓர் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் அண்மையில் வெளியான ஒரு கடிதம், நீலகிரியின் தேயிலைத் தோட்டங்கள் நலிந்துபோனதற்குத் தொழிற்சங்கங்களே முதற்காரணம் என்றும், கொரோனா காலத்தில்கூட அவை விட்டுக்கொடுக்காமல் நிர்வாகங்களை நெருக்கின என்றும், புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டதால் இனியாவது இந்தத் தொல்லை குறையும் என்றும் எழுதியிருந்தது. எழுதியவர் தோட்டத்துக் கணக்குப் புத்தகத்தை அறிந்தவர் என்பது அவர் எழுத்திலேயே தெரிகிறது. அவர் பார்த்த இடத்திலிருந்து அவருக்கு அப்படித் தெரிந்திருக்கலாம். நான் பார்த்த இடம் வேறு.

கோத்தகிரிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் மருந்தகத்தில் 31 ஆண்டுகள் மருந்தாளுநராக இருந்து, 2021-ஆம் ஆண்டின் இறுதியில் ஓய்வு பெற்றேன். அலுவலர் பிரிவைச் சேர்ந்தவன் ஆதலால் தொழிலாளர் சங்கம் எதிலும் நான் உறுப்பினனாக இருந்ததில்லை. சங்கத்தார் நிர்வாகத்தோடு மோதிய நாட்களில் பெரும்பாலும் சன்னலைச் சாத்திவிட்டு உள்ளே மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தவன் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பணியின் கடைசி இரண்டு ஆண்டுகளில் மட்டும் அந்தச் சன்னலைச் சாத்த முடியவில்லை. காய்ச்சலும் கூலியும் ஒரே வரிசையில் வந்து என் முன்னால் நின்றன.

2020 மார்ச் 24-ஆம் தேதி இரவு பிரதமர் 21 நாள் முழு ஊரடங்கை அறிவித்தார். மறுநாள் காலை எங்கள் தோட்டத்தில் மஸ்டர் என்னும் ஆள்பதிவு நடக்கவில்லை. வெளியூர் வாசகர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் 'பேர்' என்பதுதான் கூலியின் அலகு. வேலைக்கு வந்தால் பேர் விழும். பாதியில் நின்றால் அரைப் பேர். வராவிட்டால் பேரும் இல்லை, அன்றைய அரிசிக்குக் காசும் இல்லை. மாதச் சம்பளக்காரர்களுக்கு ஊரடங்கு என்பது வீட்டில் இருத்தல். வருகைப் பதிவேடான செக்ரோலில் பேர் விழுந்தால் மட்டுமே அடுப்பெரியும் வீட்டுக்கு அது நாளொன்றுக்கு ஒரு பேராகத் தேய்ந்துகொண்டே போகும் கணக்கு.

மார்ச் 29-ஆம் தேதி மத்திய உள்துறை அமைச்சகம் ஓர் ஆணை பிறப்பித்தது. ஊரடங்கால் மூடப்பட்டிருக்கும் காலத்துக்கும், எந்தப் பிடித்தமும் இன்றி, உரிய தேதியில் தொழிலாளர்களுக்கு ஊதியம் வழங்க வேண்டும் என்பது அதன் சாரம். எங்கள் தோட்டத்தில் பணம் கொடுக்கப்பட்டது. ஆனால் அது ஊதியமாக அன்றி 'அட்வான்ஸ்' என்று எழுதப்பட்டது. வேலை தொடங்கிய பிறகு வாரந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொள்ளலாம் என்பது திட்டம். சங்கத்தின் கிளைச் செயலாளர் கொழுந்து பறிக்கும் ஒரு பெண். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். தம் மகனின் கைப்பேசியில் வந்த அந்த ஆணையின் ஆங்கிலப் படியை மருந்தகத்துக்கு எடுத்துவந்து, "ஐயா, இதில் அட்வான்ஸ் என்ற சொல் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்" என்று கேட்டார். நான் இரண்டு முறை படித்துப் பார்த்தேன். அந்தச் சொல் அதில் இல்லை. அதைச் சொன்னதற்காக மறுநாள் அலுவலகத்தில் எனக்கு ஒரு கோப்பைத் தேநீரும் கொஞ்சம் அறிவுரையும் கிடைத்தன.

அந்த ஆணை நெடுநாள் நிற்கவில்லை. மே 18 முதல் அது நடைமுறையில் இல்லை என்றாயிற்று. முதலாளிகள் தரப்பில் தொடரப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 ஜூன் 12 அன்று ஓர் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது: முழு ஊதியம் தராத நிறுவனங்கள் மீது கட்டாய நடவடிக்கை கூடாது, அந்த 50 நாள் ஊதியத்தைப் பற்றி நிர்வாகமும் தொழிலாளர்களும் பேசி ஒரு முடிவுக்கு வர முயலட்டும். நீதிமன்றம் பேசித் தீர்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டது. சங்கம் இருந்த எங்கள் தோட்டத்தில் பேசுவதற்கு ஓர் ஆள் இருந்தார். நான்கு சுற்றுப் பேச்சுக்குப் பிறகு வேலையில்லாத நாட்களுக்குப் பாதி ஊதியம் என்று முடிவாகி, 'அட்வான்ஸ்' என்ற சொல் கணக்கிலிருந்து அடிக்கப்பட்டது. முழு வெற்றி என்று இதை யாரும் சொல்லவில்லை. கிளைச் செயலாளர்மீது உறுப்பினர்களுக்கே கோபம் இருந்தது. ஆனால் சங்கம் இல்லாத இடங்களில், நீதிமன்றம் சொன்ன அந்தப் பேச்சை யாரோடு யார் பேசியிருக்க முடியும் என்பதைக் கடிதம் எழுதிய நண்பர் எண்ணிப் பார்க்க வேண்டும். ஊட்டியின் விடுதி அறைகளைத் துடைப்பவரும், தொட்டபெட்டா சாலையில் சோளம் சுட்டு விற்பவரும், மலர்க் கண்காட்சியே இல்லாமல் போன 2020, 2021 ஆகிய இரண்டு மே மாதங்களிலும் எந்த முதலாளியின் முன் போய் அமர்ந்து பேசியிருப்பார்கள்?

2020 ஏப்ரலில் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல், தேயிலை, காப்பி, ரப்பர் தோட்டங்களை அதிகபட்சம் 50 சதவீதத் தொழிலாளர்களோடு இயக்கலாம் என்றது. கேட்பதற்கு எளிய விதிதான். ஆனால் எந்தப் பாதி என்பதை அது சொல்லவில்லை. தோட்டம் திறந்தபோது செடிகள் மூன்று வாரத்துக்கும் மேலாகப் பறிக்கப்படாமல் முற்றிக் கிடந்தன. பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு சுற்று பறித்தால்தான் கொழுந்து கொழுந்தாக இருக்கும் என்பதைத் தேயிலைக்காரர் எவரும் அறிவர். ஆகவே வேகமாகப் பறிக்கும் கைகளை மட்டும் அழைப்பது என்று நிர்வாகம் முதலில் பட்டியல் போட்டது. கொழுந்தின் கண்கொண்டு பார்த்தால் அதில் ஒரு நியாயமும் உண்டு. ஆனால் அந்தப் பட்டியலில் ஐம்பத்தைந்து வயதைக் கடந்த பெண்கள் பெரும்பாலோர் இல்லை. பிள்ளை பெற்று வேலைக்குத் திரும்பியிருந்த மூன்று பேரும் இல்லை. மூட்டுவலிக்கு என்னிடம் மருந்து வாங்கிக்கொண்டிருந்த எவரும் இல்லை. அவர்கள் எவரையும் வேலையிலிருந்து நீக்கியதாக எந்தக் காகிதமும் சொல்லாது. பேர் மட்டும் விழாது. சங்கம் அந்தப் பட்டியலை ஏற்க மறுத்து, எல்லோருக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று முறைவைக்கச் சொல்லி இரண்டு நாள் அலுவலக வாசலில் இடைவெளி விட்டு நின்றது. நண்பரின் கடிதம் 'நெருக்கடி கொடுத்தார்கள்' என்று சொல்வது இதைப் போன்றவற்றைத்தான் என்றால், ஆம், கொடுத்தார்கள்.

நோய் எங்கே பரவும் என்பதைக் கண்டுகொண்டதிலும் தொழிலாளர்களே எங்களுக்கு முந்திக்கொண்டார்கள். வெளியிலிருந்து வந்த சுகாதார அறிவுரைகள் எல்லாம் 'ஆறடி இடைவெளி விட்டுப் பறியுங்கள்' என்றன. கொழுந்துக் காட்டில் ஆறடி இடைவெளி எப்போதும் உண்டு. மேலே வானம், சுற்றிலும் காற்று. கூட்டம் சேர்வது வேறு மூன்று இடங்களில். ஒன்று, ஊரிலிருந்து ஆட்களை ஏற்றிவரும் ஜீப். மற்றொன்று, மாலையில் முதுகுச் சுமையோடு எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நிற்கும் எடை போடும் கொட்டகை. மூன்றாவது, லைன் வீடுகள் எனப்படும் தொழிலாளர் குடியிருப்பு வரிசைக்குப் பொதுவான தண்ணீர்க் குழாய். இந்த மூன்றையும் முதலில் எழுத்தில் வைத்தது சங்கத்தின் மனுதான்; என் மருந்தகப் பதிவேட்டில் அப்படி ஒரு குறிப்பு இல்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஜீப் இரண்டு நடை போனது. எடை இரண்டு இடத்தில் போடப்பட்டது. குழாய்க்கு நேரம் பிரிக்கப்பட்டது. செலவு என்று பார்த்தால் கொஞ்சம் டீசலும் ஒரு தராசும்தான்.

முகக்கவசத்துக்கும் ஒரு கதை உண்டு. ஜூன் மாதத்துச் சாரலிலும் மூடுபனியிலும் துணிக் கவசம் அரைமணி நேரத்தில் நனைந்து மூக்கோடு ஒட்டிக்கொள்ளும். மேட்டில் ஏறும்போது மூச்சு முட்டும். ஆளுக்கு இரண்டு கவசம் கொடுத்தாயிற்று என்று நிர்வாகம் சொன்னது. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில், மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் தொழிலாளியைக் காக்கக் குடை, கம்பளி, மழைக்கோட்டு முதலியன வழங்கச் செய்யும் பிரிவு ஒன்று இருந்தது. கம்பளி எந்தக் காரணத்துக்காகவோ அதே காரணத்துக்காகத்தான் கவசமும், நனைந்தால் மாற்றிக்கொள்ளும் அளவுக்கு வேண்டும் என்று சங்கம் எழுதிக் கொடுத்தது. வழக்கறிஞர்கள் இதை ஏற்பார்களோ என்னவோ, எழுபது ஆண்டுப் பழைய ஒரு பிரிவை இந்த மலையின் மழைக்குள் வைத்து அவர்கள் படித்த விதம் எனக்குப் பிடித்திருந்தது.

லைன் வீட்டைப் பற்றி நகரத்து வாசகர்களுக்குச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு முன்னறை, அதை ஒட்டிப் புகை படிந்த ஒரு சமையலறை, நெடுக ஒரே கூரை. அடுத்த வீட்டில் இருமினால் இந்த வீட்டில் கேட்கும். பாட்டி, மகன், மருமகள், மூன்று பிள்ளைகள் என்று ஆறு பேர் அதில் வாழ்வார்கள். அப்படிப்பட்ட வீட்டின் கதவில் 'தனிமைப்படுத்தப்பட்ட வீடு' என்று ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போவதால் நோயாளி தனிமைப்பட மாட்டார். ஆறு பேரும் நோயாளியோடு சேர்த்து அடைக்கப்படுவார்கள். முதல் அலையின்போது நீலகிரியில் தொற்று உறுதியானவர்களைக் கோவை இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்ட) மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார்கள். தோட்டத் தொழிலாளர்கள் இ.எஸ்.ஐ. திட்டத்துக்குள் வராதவர்கள், அவர்களுக்குத் தோட்ட மருந்தகமும் தோட்ட மருத்துவமனையும்தான் என்று சட்டம் ஒதுக்கியிருந்தது. வாழ்நாளெல்லாம் அந்தத் திட்டத்தின் அட்டையைக் கண்ணால் காணாத மக்கள், நோய் வந்தபோது அதே திட்டத்தின் மருத்துவமனையில் போய்ப் படுத்தார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் ஒருமாதிரியாக இருக்கிறது. இரண்டாம் அலையில் அங்கும் இடம் இல்லை. ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த அலுவலர் குடியிருப்புகள் இரண்டைத் திறந்து, அறிகுறி உள்ளவர்களை அங்கே வைக்க வேண்டும் என்று சங்கம் கேட்டது. ஒன்று திறக்கப்பட்டது. ஒன்று கடைசிவரை திறக்கப்படவில்லை.

திறக்கப்பட்ட வீட்டில் தங்கியவர்களின் நாட்கள் செக்ரோலில் எப்படி எழுதப்பட வேண்டும் என்பதுதான் அடுத்த சிக்கல். பேர் இல்லை என்றால் இருமலை எவரும் வெளியே சொல்ல மாட்டார்கள். இதை என் அனுபவத்தில் உறுதியாகச் சொல்வேன்: முதல் அலையில் என்னிடம் வந்த காய்ச்சல்காரர்களைக் காட்டிலும் வராத காய்ச்சல்காரர்களே அதிகம். வேலைக்காட்டில் பாரசிட்டமால் கைமாறியது. தனிமையில் இருக்கும் நாட்களை நோய்விடுப்பாகக் கணக்கிட்டுப் படி தரப்படும் என்று 2021 மே மாதத்தில் சங்கத்துடன் எழுத்து ஒப்பந்தம் ஆன வாரத்திலேயே மருந்தகத்தின் முன் வரிசை நீண்டது. நோய் திடீரென்று பெருகிவிட்டது என்று அலுவலகம் பதறியது. நோய் பெருகவில்லை, சொல்லும் துணிவு வந்திருந்தது. தடுப்பூசி போட்டுக்கொண்ட மறுநாள் காய்ச்சலில் படுத்தால் அந்த நாளுக்கும் பேர் உண்டு என்று ஒத்துக்கொள்ளப்பட்டபோதும் இதுவே நடந்தது. தடுப்பூசி பற்றிய வதந்திகளை நான் சுவரொட்டி ஒட்டி விரட்டப் பார்த்துத் தோற்றிருந்தேன். ஒருநாள் கூலி அதைச் செய்துமுடித்தது.

பிள்ளைகள் காப்பகம் மூடப்பட்டதைப் பற்றி எவரும் எழுதிப் பார்த்ததில்லை. ஐம்பது பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் காப்பகம் இருக்க வேண்டும் என்பது அப்போதைய சட்டம். தொற்றுக்கு அஞ்சி அதை மூடியது சரியே. ஆனால் மூடிய மறுநாளே கைக்குழந்தை உள்ள தாய்க்கு வேலை மூடிவிட்டது. சிலர் மூத்த மகளைப் பிள்ளை பார்க்க நிறுத்தினார்கள். அந்தச் சிறுமிகளுக்கு இணையவழி வகுப்பு என்று ஒன்று நடந்ததே தெரியாது. லைனுக்கு ஒரு முதிய பெண்ணை ஆயாவாக அமர்த்தி, அவரிடம் நான்கு குழந்தைகளுக்கு மேல் விடாமல், ஆயாவுக்குக் கூலி தோட்டம் கொடுப்பது என்ற ஏற்பாட்டைப் பெண்கள்தாம் கூட்டத்தில் சொன்னார்கள். ஆண் நிர்வாகிகள் யாருக்கும் அது தோன்றவில்லை.

இதைச் சொல்லும்போது சங்கங்களின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நானும் அந்த நண்பரைப் போல ஒரு கண்ணை மூடிக்கொண்டவனாவேன். ஒரே தோட்டத்தில் கட்சிக்கொரு சங்கம், கொடிக்கொரு கம்பம். கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மேசையில் அமர்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். 2015 செப்டம்பரில் மூணாறில் ஆயிரக்கணக்கான தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் இருபது சதவீத போனஸ் கேட்டுச் சாலையில் அமர்ந்தபோது, நிர்வாகத்தின்மீது இருந்த அதே கோபம் சங்கத் தலைவர்கள்மீதும் இருந்ததை நாடு பார்த்தது. நம் தோட்டங்களில் இப்போது சார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து வேலை செய்யும் இளைஞர்கள் பலர் ஒப்பந்தக்காரர் மூலம் வருகிறவர்கள். ஊரடங்கின்போது எங்கள் தோட்டத்தில் அவர்கள் பதினெட்டுப் பேர் இருந்தார்கள். அவர்கள் எந்தச் சங்கத்தின் பட்டியலிலும் இல்லை. அவர்களுக்காகப் பேசியவர்கள் மிகக் குறைவு. சிறப்பு ரயில்கள் விடப்பட்ட பிறகு கோவைக்குப் போய் அவர்கள் வண்டியேறினார்கள். கிளைச் செயலாளர் அவர்களுக்கு அரிசி கொடுத்தார், சந்தா வாங்கவில்லை. அது அன்பு, ஆனால் உரிமை ஆகாது. 2020 செப்டம்பரில், ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர் எத்தனை பேர் என்ற கேள்விக்கு, அப்படி ஒரு தரவு இல்லை என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் பதில் சொன்னது. பட்டியலில் பெயர் இல்லாதவர்கள் எண்ணிக்கையிலும் இல்லாமல் போனார்கள்.

நட்டக் கணக்கைப் பற்றியும் நண்பர் எழுதியிருக்கிறார். மார்ச், ஏப்ரல் மாதங்களில் கொழுந்து வீணாயிற்று என்பது உண்மை. முற்றிய செடிகளைச் சீர்செய்யச் செலவும் ஆயிற்று. ஆனால் 2020-இன் பிற்பாதியில் குன்னூர் ஏலத்தில் தேயிலை விலை, பல ஆண்டுகளாக நாம் காணாத உயரத்துக்குப் போனதும் உண்மையே. அசாமில் அறுவடை குறைந்ததால் வந்த ஏற்றம் அது. இறங்கிய மாதங்களின் சுமையைக் கூலியில் பங்கிட்டவர்கள், ஏறிய மாதங்களின் வரவைக் கூலியில் பங்கிட முன்வந்ததாக நான் கேள்விப்படவில்லை.

இனி, என் கடிதத்தின் மையத்துக்கு வருகிறேன். 2020 ஏப்ரல் 17 அன்று குஜராத் அரசு ஓர் அறிவிக்கை மூலம் தொழிற்சாலைகளில் நாளொன்றுக்கு 12 மணி நேரம் வேலை வாங்கவும், கூடுதல் நேரத்துக்குச் சட்டப்படியான இரட்டிப்பு ஊதியம் தராமல் இருக்கவும் அனுமதித்தது. பெருந்தொற்று ஒரு 'பொது நெருக்கடி'. ஆகவே தொழிற்சாலைச் சட்டத்திலிருந்து விலக்கு அளிக்கலாம் என்பது அதன் வாதம். அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனது குஜராத் மஸ்தூர் சபா என்ற தொழிற்சங்கம். 2020 அக்டோபர் 1 அன்று நீதிமன்றம் அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. போர், படையெடுப்பு, உள்நாட்டுக் குழப்பம் ஆகியவற்றால் நாட்டின் பாதுகாப்புக்கு நேரும் ஆபத்தைத்தான் அந்தச் சட்டம் பொது நெருக்கடி என்கிறது. பெருந்தொற்றால் வந்த பொருளாதாரச் சரிவு அதில் அடங்காது. அந்தச் சரிவின் பாரத்தைத் தொழிலாளர்கள் தலையில் மட்டும் ஏற்ற முடியாது என்பது தீர்ப்பின் போக்கு. விடுபட்ட கூடுதல் நேர ஊதியத்தைக் கொடுக்கவும் உத்தரவாயிற்று. உத்தரப் பிரதேச அரசும் அதே ஆண்டு மே மாதத்தில் 12 மணி நேர வேலைக்கு ஓர் அறிவிக்கை வெளியிட்டு, உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்ததும் சில நாட்களில் திரும்பப் பெற்றது. வழக்குப் போட ஓர் அமைப்பு இல்லாதிருந்தால், ஒரு தனித் தொழிலாளி அகமதாபாத்திலிருந்து தில்லிக்குப் போய்த் தன் கூடுதல் நேரக் கூலிக்காக வாதாடியிருப்பாரா?

இதில் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. அந்தத் தீர்ப்பு வருவதற்கு ஒரு வாரத்துக்கு முன்புதான், எதிர்க்கட்சி உறுப்பினர்கள் அவையைப் புறக்கணித்திருந்த நிலையில், சங்கங்கள் தெருவில் கூட முடியாத காலத்தில், மூன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நாடாளுமன்றத்தில் நிறைவேறின. 2019-இல் நிறைவேறிய ஊதியத் தொகுப்போடு சேர்த்து நான்கும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தன. நான் மேலே சொன்ன குடை, கம்பளிப் பிரிவைக் கொண்டிருந்த தோட்டத் தொழிலாளர் சட்டமும் அவற்றுள் கரைந்துவிட்டது. பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் பற்றிய தொகுப்பில், பொது நெருக்கடி, பேரிடர், பெருந்தொற்று ஆகிய காலங்களில் பணியிடங்களுக்கு அந்தத் தொகுப்பின் விதிகளிலிருந்து விலக்கு அளிக்க அரசுக்கு அதிகாரம் தரப்பட்டிருக்கிறது. பெருந்தொற்று என்ற சொல் பெயர் சொல்லியே அதில் எழுதப்பட்டிருக்கிறது. பழைய சட்டத்தில் அந்தச் சொல் இல்லாததால்தான் குஜராத் தொழிலாளர்களுக்கு நியாயம் கிடைத்தது. நோய் பரவும் காலத்தில்தான் பணியிடப் பாதுகாப்பு விதிகள் மிகுதியாகத் தேவைப்படும் என்று எண்ணுகிற என் போன்ற மருந்தாளுநருக்கு, நோய் பரவுவதையே அவ்விதிகளிலிருந்து விலக்குப் பெறும் காரணமாக்குவது விளங்கவில்லை. மழை பெய்யும்போது மட்டும் குடையைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்வது போல இருக்கிறது.

நம் மலையிலேயே இன்னொரு சான்று இருக்கிறது. அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் 2020-இல் கிருமிநாசினி தயாரித்துக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே, பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகளை நிறுவனங்களாக மாற்றுவதை எதிர்த்துச் சங்கங்கள் வேலைநிறுத்தம் அறிவித்தபோது, அந்தத் துறையில் வேலைநிறுத்தத்தையே தடைசெய்யும் அவசரச் சட்டம் 2021 ஜூன் இறுதியில் வந்தது. ஆகஸ்டில் நாடாளுமன்றத்தின் சட்டமும் ஆயிற்று. அக்டோபர் 1-இல் மாற்றம் நடந்தேறியது. அந்த மாற்றம் நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. எல்லோரும் முகத்தை மூடிக்கொண்டிருந்த காலத்தில் இவர்களுக்கு மட்டும் வாயையும் சேர்த்து மூடினார்கள் என்பதைத்தான் சொல்கிறேன்.

இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கம் 1918 ஏப்ரல் 27 அன்று சென்னையில் தொடங்கியது. வாடியாவும் திரு.வி.க.வும் அதில் முன்னின்றார்கள். அதே ஆண்டுதான் விஷக்காய்ச்சல் என்று நம் பாட்டன்மார் சொன்ன இன்ஃப்ளூயன்சா நாட்டை வாரிக்கொண்டு போனது. சங்கமும் அந்தக் காய்ச்சலும் நமக்கு ஒரே ஆண்டில் அறிமுகமானவை. நூறாண்டு கழித்து இன்னொரு பெருந்தொற்று வந்தபோது சங்கத்தின் குரலை அடக்குவது எப்படி என்று யோசித்தோம்.

தமிழ்நாடு அரசு இந்த விஷயத்தில் செவிடாக இருந்ததில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன். 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறிய 12 மணி நேர வேலைத் திருத்தம், சங்கங்களின் எதிர்ப்புக்குப் பிறகு திரும்பப் பெறப்படுவதாக மே முதல் தேதியன்று முதலமைச்சர் அறிவித்ததை நாம் பார்த்தோம். அந்த நம்பிக்கையில் இரண்டு கோரிக்கைகளை முன்வைக்கிறேன். புதிய தொகுப்பின்கீழ்ப் பெருந்தொற்றைக் காரணம் காட்டி எந்தப் பணியிடத்துக்கும் விலக்கு அளிக்கும் முன், அந்தத் துறையின் தொழிற்சங்கங்களோடு கலந்துபேசி அவர்கள் சொன்னதை எழுத்தில் பதிய வேண்டும் என்ற நடைமுறையை மாநில அரசு தனக்குத் தானே விதித்துக்கொள்ள வேண்டும். அடுத்து, 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி அமையும் மாவட்ட ஆணையத்தில் ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், தலைமை மருத்துவ அலுவலர், உள்ளாட்சித் தலைவர் ஆகியோருக்கு இடம் உண்டு. தொழிலாளர் பிரதிநிதிக்கு இல்லை. ஆனால் அதே சட்டம் ஆலோசனைக் குழுக்களை அமைத்துக்கொள்ளும் அதிகாரத்தை மாவட்ட ஆணையத்துக்குத் தந்திருக்கிறது. எனவே சட்டத் திருத்தம்கூட வேண்டாம். ஆட்சியரின் ஓர் உத்தரவு போதும். நீலகிரியில் அப்படி ஒரு குழு அமைந்தால் அதில் கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர், நகராட்சியின் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் ஒருவர், வெளிமாநிலத் தொழிலாளர் ஒருவர் என்று மூவராவது இருக்க வேண்டும். கொடைக்கானல் உள்ளிட்ட பழனி மலைப்பகுதிக்கும், வால்பாறைக்கும் இது பொருந்தும். எடை போடும் கொட்டகையில்தான் கூட்டம் சேர்கிறது என்பதை ஆட்சியர் அலுவலகத்துக்கு முதல் வாரத்திலேயே சொல்ல ஓர் ஆள் இருந்திருந்தால், 2020-இன் அறிவுரைத் தாள்கள் வேறு மாதிரி அச்சாகியிருக்கும்.

இக்கடிதத்தை வெளியிடுவதாயின் என் பெயரையும் ஊரையும் தவிர்த்து வெளியிட வேண்டுகிறேன். எனக்கு இனி யாரும் எதுவும் செய்துவிட முடியாது. ஆனால் கைப்பேசியில் அந்த ஆணையைக் கொண்டுவந்து காட்டிய கிளைச் செயலாளரின் மகன் இப்போது அதே தோட்டத்தில் தற்காலிகத் தொழிலாளி, இன்னும் நிரந்தரமாகவில்லை. என் பெயரை வைத்து அவர் யார் என்பதைக் கண்டுபிடிப்பது அங்கே இருப்பவர்களுக்கு ஐந்து நிமிட வேலை.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தோட்ட மருந்தாளுநர்,
நீலகிரி மாவட்டம்.